சிறை மருத்துவமனையில் சேரப்போகும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சிறையில் செவிலியர் வேலை கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால், “கைதிகள் எதற்கெடுத்தாலும் எங்கள் மேல் வழக்குப் போடுவார்களாம், பயமாக இருக்கிறது அப்பா” என்று நீ சொன்னது மனத்தைவிட்டுப் போகவில்லை. வழக்கறிஞராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன் அம்மா: அந்த வழக்குகள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டு உள்ளே போ.

நீ இருக்கும் அதே மாநிலத்தில், 1973 நவம்பர் 9 அன்று, கேம்பிள் என்ற கைதி லாரியிலிருந்து பருத்திப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தார். 600 பவுண்டு பொதி ஒன்று அவர் மேல் விழுந்தது. நம் கணக்கில் 270 கிலோவுக்கு மேல். அதன் பிறகு நடந்ததாக அவர் மனுவில் எழுதியதைப் படித்தால் வயிறு எரியும். முதுகு வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கீழ்ப் படுக்கைக்கு மாற்றும்படி மருத்துவர் சொல்லியும் நிர்வாகம் மாற்றவில்லை. இரத்த அழுத்தத்துக்கான மருந்துச் சீட்டை ஊழியர்கள் தொலைத்ததால் நான்கு நாள் மருந்தே இல்லை. வேலை செய்ய முடியாது என்றதற்குத் தனியறையில் அடைத்தார்கள். 1974 பிப்ரவரி 7 அன்று நெஞ்சிலும் இடது கையிலும் வலி என்று மருத்துவரைக் கேட்டார், காவலர்கள் அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. 9ஆம் தேதிதான் மருத்துவரைப் பார்க்க விட்டார்கள். 11ஆம் தேதி, வழக்கறிஞர் துணையில்லாமல், கைப்படவே மனு எழுதிவிட்டார்.

அரசின் பெயரால் உரிமையைப் பறிப்பவர் மேல் வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் உண்டு. அதன்படி போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976இல் நீதிபதி தர்குட் மார்ஷல் தீர்ப்பு எழுதினார்: கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது, அரசியலமைப்பு தடை செய்த கொடிய தண்டனைக்குச் சமம். வெளியே இருப்பவன் ஒரு மருத்துவர் சரியில்லை என்றால் வேறொருவரைப் பார்ப்பான். கைதிக்கு அந்த வழி ஏது?

ஆனால் மருத்துவத் தரப்புக்கு எதிராகக் கேம்பிள் ஜெயிக்கவில்லை. மூன்று மாதத்தில் 17 முறை அவரைப் பார்த்திருக்கிறார்கள், முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்காதது மருத்துவ முடிவு, தவறான சிகிச்சை மட்டுமே உரிமை மீறல் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவை வாசலிலேயே தள்ளியிருக்கக் கூடாது என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். நான் அவர் பக்கம். எத்தனை முறை பார்த்தார்கள் என்பதை வைத்து எப்படிப் பார்த்தார்கள் என்று முடிவு செய்ய முடியுமா?

அதற்குப் பிறகு கைதியின் பாதை இன்னும் குறுகிவிட்டது. ஆபத்து இருப்பது ஊழியருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும் என்றது 1994 தீர்ப்பு. சிறைக்குள் புகார் நடைமுறையை முடித்த பிறகே நீதிமன்றம் வரலாம் என்றது 1996 சட்டம். ஆகவே, வலிக்கிறது என்றவனைத் தொட்டுப் பார்த்து, பார்த்ததை நேரத்தோடு எழுதி வைத்து, உன் கைக்கு மீறியதை மருத்துவரிடம் உடனே சொல்லும் நீ எதற்குப் பயப்பட வேண்டும்? நடிக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னாலும் நாடியைப் பிடித்துப் பார்த்துவிடு. அவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்காதே. அதை நீதிமன்றம் பார்த்துவிட்டது.

வேலையில் சேர்ந்ததும் ஒன்று விசாரித்து எழுது. சிகிச்சை கேட்டுக் கைதிகள் எழுதித் தரும் சீட்டை அங்கே முதலில் படிப்பது யார், செவிலியரா, காவலரா?

அன்புடன்,
அப்பா