படகு மிதக்கிறது, நன்றி

அன்பு உறவுகளுக்கு,

படகு நீரில் இறங்கிவிட்டது. கிரேனால் படகை ஏரியில் இறக்கும் நாளுக்கு முந்தைய வாரம், அதைத் தயார்செய்ய நாங்கள் பட்ட பாடெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுதத் தெம்பில்லை. நகக்கண்ணில் எபோக்ஸிப் பசை இன்னும் போகவில்லை.

முதல் நன்றி, இதை வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு. எங்கள் படகுக்கு அடுத்து நின்ற படகின் சொந்தக்காரர், வெள்ளைக்கார முதியவர். குளிர்காலம் முழுவதும் எங்களோடு பேசியது தலையசைப்பால் மட்டுமே. கடுகடுப்பானவர் என்றே நினைத்திருந்தோம்.

கரையில் நிற்கும் படகை முட்டுகள் தாங்கும் இடங்களிலும், கீல் எனப்படும் ஈயப் பாரத்தின் அடியிலும், பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ற் பூச முடியாது. கிரேன் தூக்கிப் பிடித்திருக்கும் சில நிமிடங்களில்தான் பூச வேண்டும். விட்டால் ஒன்ராறியோ ஏரியின் வரிச்சிப்பிகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் எல்லோருடைய கையிலும் கயிறு. காற்றோ படகைச் சுழற்றப் பார்த்தது. அப்போது அவர் நீளக் கம்பில் உருளையைச் செருகிக்கொண்டு வந்தார். தொங்கும் படகின் கீழே ஒருவரும் போகக்கூடாது என்பதால் பக்கவாட்டில் நின்றே ஒவ்வொரு இடமாகப் பூசினார். பெயின்ற், தன் படகுக்கென்று அவர் வைத்திருந்தது. எங்கள் அடிப்பாகம் நீலம், அவருடையது சிவப்பு. இப்போது தண்ணீருக்குக் கீழே எங்கள் படகுக்கு அம்மை போட்டிருக்கிறது!

அதோடு விடவில்லை. படகு நீரைத் தொட்டதும், கிரேன் அதைத் தாங்கியிருந்த பட்டைகளைக் கழற்ற வேண்டாமென்று கிரேன்காரருக்குக் கைகாட்டிவிட்டு, என்னை உள்ளே அனுப்பினார். அடித்தட்டின் வால்வுகளையும், சுழல்தண்டு வெளியேறும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குழாய்ப் பிடியில் நீர் கசிந்தது. திருகாணியை முடுக்கியதும் நின்றுவிட்டது. பட்டைகள் கழன்ற பிறகு கண்டிருந்தால் என் கை இப்படி நிதானமாக வேலை செய்திருக்காது. வரிசையில் அடுத்தது அவருடைய படகு என்பதைப் பிறகுதான் கவனித்தேன். எங்களுக்காகக் கரைந்தது அவருடைய நேரம்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, பழைய பெயின்றைத் தேய்த்துச் செப்புத் தூளில் குளித்த மச்சான்மார். படகின் உலோகம் அரிக்காமல் காக்க நன்னீரில் துத்தநாகம் சரிவராது, மக்னீசியக் கட்டிதான் வேண்டுமென்று தடுத்த தம்பி. குளிரில் இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்த அக்கா. பாயைத் தைத்துத் தந்த மாமி. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

'வல்வெட்டித்துறை இரத்தம் சும்மா விடுமா' என்று எழுதிய பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாய்விரித்துப் போனது உண்மைதான். ஆனால் அதைக் கட்டிய ஓடாவிமார், அதாவது கப்பல் தச்சர்கள், என் எபோக்ஸிப் பூச்சைக் கண்டால் பூர்வீகத்தையே மறுத்துவிடுவார்கள். இரத்தம் ஒன்றும் செய்யவில்லை, பெரியப்பா. அரத்தாளும் அயலவர்களும்தான் செய்தார்கள்.

ஒக்டோபரில் படகுகள் கரையேறும்போது அந்த முதியவருடைய படகின் அடியை நானே கழுவப் போகிறேன். சிவப்பு பெயின்ற் ஒரு டின் வாங்கியாயிற்று. அவர் வேண்டாமென்று தலையசைப்பார், கேட்கப் போவதில்லை.