பழுது பெட்டியில்தான், என் நினைவில் இல்லை

அனுப்புநர்:
தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவர்,
காகிதப்பட்டறை, வேலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
ரெட்ரோ விளையாட்டுப் பெட்டி விற்பனை நிறுவனம்,
பெங்களூரு.

பொருள்: ‘சோல் பிளேடு’ விளையாட்டுக்காக வாங்கிய பெட்டியின் குறைபாடுகளும், தவறான விளம்பரப் படமும், பணத்தைத் திரும்பக் கோருவதும் தொடர்பாக.

ஐயா,

குறைதீர்ப்பு அலுவலரின் பெயரை இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. உங்கள் தளத்தில் அதைக் காணவில்லை. எனவே பதவியின் பெயருக்கே எழுதுகிறேன்.

பழைய வீடியோ விளையாட்டுகளைத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடுவதற்கான ரெட்ரோ விளையாட்டுப் பெட்டி ஒன்றை உங்கள் இணையக் கடையில் 6,499 ரூபாய் செலுத்தி வாங்கினேன். அதில் ஏற்றியிருப்பதாகச் சொல்லும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பட்டியலில் ‘சோல் பிளேடு’ என்ற பெயரைப் பார்த்த பிறகு மற்ற எதையும் நான் பார்க்கவில்லை. பெட்டி வந்தது, தொலைக்காட்சியில் இணைத்தேன், விளையாட்டு ஓடியது. ஆனால் அது நான் அறிந்த விளையாட்டாக இல்லை. படம் அகன்றிருந்தது, ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது, பொத்தானை அழுத்தியதற்கும் வாள் வீசுவதற்கும் இடையே ஒரு யோசனை நேரம் இருந்தது.

இதை உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “பழைய விளையாட்டுகள் இப்படித்தான் இருக்கும் சார். சிறு வயதில் பார்த்ததால் உங்கள் ஞாபகத்தில் அழகாகப் பதிந்திருக்கும்.”

பணத்தை இழந்ததைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் சுட்டது. பெட்டியில் கோளாறு என்று சொன்னவனிடம், கோளாறு உன் மனத்தில் என்று சொல்லியிருக்கிறீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திறந்து மூடிப் பிழைப்பவன் நான். படத்தில் எது மூலத்தின் குறை, எது நடுவில் வந்த குறை என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் எனக்குக் கூலி தருகிறார்கள். அந்த வேலையை இந்த முறை உங்களுக்காக இலவசமாகச் செய்திருக்கிறேன்.

முதலில் இந்த விளையாட்டு என்னவென்று உங்கள் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் ‘சோல் எட்ஜ்’ என்ற பெயரில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக இதை முதலில் வெளியிட்டது. 1996 இறுதியில் அங்கே சோனியின் வீட்டு விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷனுக்கு வந்தது. 1997இல் மற்ற நாடுகளில் ‘சோல் பிளேடு’ என்ற பெயரில் விற்பனையானது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடக்கும் கதை. உயிர்களை விழுங்கும் ஒரு சாப வாள், அதைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் புறப்பட்டு வரும் வீரர்கள், அதைக் கையில் வைத்திருக்கும் செர்வான்டஸ் என்ற கடற்கொள்ளையன். கைகலப்பு விளையாட்டுகள் குவிந்து கிடந்த காலத்தில் இதில் ஆளுக்கொரு ஆயுதம் இருந்தது. வோல்டோ என்பவன் இரண்டு கைகளிலும் கட்டாரி மாட்டிக்கொண்டு, எதிரிக்கு முதுகைக் காட்டியபடியே சண்டை போடுவான். நம் பக்கத்து ஆயுதத்தை அந்த ஜப்பானியர்கள் எங்கே பார்த்தார்களோ என்று நாங்கள் வியந்ததுண்டு.

நான் தொழில் பழகிய கடையின் முன்பகுதியை என் முதலாளி விளையாட்டுக் கடையாக மாற்றியிருந்தார். இரண்டு பிளேஸ்டேஷன், இரண்டு இருபத்தோரு அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு மேசை விசிறி. அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். பள்ளி விட்டதும் தோட்டப்பாளையத்திலிருந்தும் கொசப்பேட்டையிலிருந்தும் பையன்கள் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். கடிகாரம் ஓடினால் காசு ஓடும் இடம் அது. மற்ற விளையாட்டுகளில் முன்கதைப் படம் தொடங்கியதுமே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தித் தள்ளிவிடுவார்கள். இதற்கு மட்டும் யாரும் அழுத்த மாட்டார்கள். கணினியில் வரைந்த அந்தத் தொடக்கப் படம் முழுவதும் ஓடி முடியும்வரை, தங்கள் பத்து ரூபாய் கரைவதைப் பொருட்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் அவசரப்பட்டு அழுத்திவிட்டால் மற்றவர்கள் அவனை அடிக்கப் போவார்கள். உங்கள் பெட்டியில் அந்தத் தொடக்கப் படமே இல்லை. வெட்டி எடுத்திருக்கிறீர்கள், இடம் மிச்சம் பிடிப்பதற்காக இருக்கும். நினைவகம் இவ்வளவு மலிந்த காலத்தில் இந்தக் கஞ்சத்தனத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

இனி நினைவு பற்றிய உங்கள் கருத்துக்கு வருகிறேன். ராணிப்பேட்டையில் உள்ள நண்பர் ஒருவர் தன் பழைய பிளேஸ்டேஷனையும் இந்த விளையாட்டின் அசல் குறுந்தகட்டையும் இன்னும் வைத்திருக்கிறார். அவற்றை வாங்கிவந்து, என் கடையில் வேலை செய்யும் நிலையில் உள்ள ஒரு பிக்சர் டியூப் பெட்டியில் இணைத்தேன். பக்கத்தில் உங்கள் பெட்டியைப் புதிய எல்இடி தொலைக்காட்சியில் இணைத்தேன். இரண்டிலும் ஒரே வீரர், ஒரே களம். காணொளி இணைப்பில் இருக்கிறது; பார்த்த பிறகு என் ஞாபகத்தைப் பற்றிப் பேசுங்கள்.

வேகம்தான் தலையாய குற்றம். அந்தக் காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிப் படம் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 50 முறை. 60க்கு எழுதிய விளையாட்டைச் சரியாக மாற்றி அமைக்காமல் 50இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். உங்கள் பெட்டியில் இரண்டும் இருக்கின்றன. இன்றைய தொலைக்காட்சிகள் எதையும் ஏற்றுக்கொள்ளும்போது 50ஐப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமே இல்லை. அந்த நாளில் எங்களுக்கு வந்த சிக்கல் நேர் எதிரானது: அமெரிக்கக் குறுந்தகடுகளைப் போட்டால் சில பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் படம் கறுப்பு வெள்ளையில் வரும். பையன்கள் அதற்கும் பழகிக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் முழு வேகத்தில் ஆடினார்கள். வண்ணத்தை விட்டுக்கொடுத்தவர்கள் வேகத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வேகத்தோடு சேர்ந்தது தாமதம். இந்த விளையாட்டின் உயிர், எதிரியின் வாள் நம்மைத் தொடும் கணத்தில் அதைத் தட்டிவிடுவதில் இருக்கிறது. ‘கார்டு இம்பாக்ட்’ என்பார்கள். கண் பார்க்க, விரல் அழுத்த, வாளும் வாளும் மோதிப் பொறி பறக்க வேண்டும். கைப்பேசியின் மெதுவோட்டப் படப்பிடிப்பில் எண்ணிப் பார்த்தேன். உங்கள் பெட்டியில் பொத்தான் அழுந்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் எதிரி என்னை வெட்டிவிட்டு அடுத்த வெட்டுக்கு வாளை ஓங்கியிருப்பான். தொலைக்காட்சியின் குற்றம் என்று சொல்லிவிடாதீர்கள். தொலைக்காட்சியின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டுத்தான் சோதித்தேன், என் அக்கா மகனின் புதிய விளையாட்டுக் கருவி அதே தொலைக்காட்சியில் தாமதமின்றி ஓடுகிறது.

படத்தைப் பற்றி. நான்குக்கு மூன்று என்ற அளவில் வரைந்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரையின் அகலம் முழுவதும் இழுத்திருக்கிறீர்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. கிரேக்கத்திலிருந்து வரும் சோஃபிடியா தவலைக்குக் கை கால் முளைத்ததுபோல் நிற்கிறாள். பழைய அளவுக்கு மாற்ற அமைப்புகளில் வழியும் வைக்கவில்லை. இதற்கு மேல், படத்தை மென்மையாக்குகிறோம் என்று ஒரு வடிகட்டியைப் போட்டு முகங்களையெல்லாம் அழித்திருக்கிறீர்கள். பிளேஸ்டேஷன் குறைந்த வண்ணங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து கூடுதல் வண்ணம்போல் காட்டியது. பிக்சர் டியூபின் ஒளி அந்தப் புள்ளிகளைத் தானே கலந்துவிடும்; அது படத்தை வரையும் கிடைவரிகளுக்கு இடையே உள்ள மெல்லிய இருட்டு விளிம்புகளைக் கூர்மையாக்கிக் காட்டும். அந்தப் படத்தை வரைந்தவர்களும் பிக்சர் டியூபில் பார்த்துத்தான் வரைந்தார்கள். இதைத் தெரிந்தவர்கள் இன்று வரிகளைப் போலச் செய்து காட்டும் வசதியைக் கொடுக்கிறார்கள். தெரியாதவர்கள் வடிகட்டி போடுகிறார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் நகரும்போது தரைக் கற்கள் நெளிவதும், மூலைகள் நடுங்குவதும் அந்தக் கருவியின் பிறவிக் குணம். அசலிலும் இருக்கிறது. அவற்றை உங்கள் கணக்கில் எழுதவில்லை. 33 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 மெகாபைட் நினைவகமும் கொண்ட கருவியில் அவ்வளவு அழகைக் கொண்டுவந்தார்களே என்பதுதான் அன்றும் இன்றும் என் வியப்பு. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் சில்லு அதைவிடப் பல மடங்கு வலியது. அதை வைத்துக்கொண்டு இதைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியவில்லை.

வேலூர் வெயிலில் பெட்டி சூடாகியிருக்கும் என்று உங்கள் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் போட்டுப் பார்த்தாலும் அதே வேகம்தான். உண்மையில் சூடாகிறது என்றால், காற்றோட்டத் துளை இல்லாமல் பெட்டி செய்தது யார்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு கதைப் பகுதி உண்டு. வரைபடத்தில் ஊர் ஊராகச் சென்று, சண்டையில் வென்று, புதிய ஆயுதங்களைச் சேர்க்க வேண்டும், ஆளுக்கு எட்டு. எதிரியின் வெட்டுகளைத் தடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுதம் தேய்ந்து உடைந்து, வெறுங்கையோடு நிற்க வேண்டிவரும். அதனால் எந்த ஆயுதத்தை எடுப்பது என்பதே தனிக் கணக்கு. பழைய கருவியில் சேர்த்ததையெல்லாம் ஒரு சிறிய மெமரி கார்டு காப்பாற்றியது. எங்கள் கடையில் அந்த அட்டை முதலாளியின் சட்டைப் பையில் இருக்கும். யாராவது அழித்துவிட்டால் அன்று கடையில் பெரிய ரகளை. உங்கள் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தியதும் சேமித்தது அனைத்தும் மறைந்துவிடுகிறது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்து ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, இந்தத் தாமதத்தோடு போராடிச் சேர்த்த ஆயுதங்கள் மின்வெட்டில் போயின. அவன் உங்களைப் பற்றிச் சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது.

கடைசியாக விளம்பரம். ‘கண்ணைப் பறிக்கும் கிராஃபிக்ஸ்’ என்ற வரிக்கு மேல் நீங்கள் ‘சோல் பிளேடு’ என்று போட்டிருக்கும் படத்தில் ஐவி என்ற வீராங்கனை சாட்டை வாளோடு நிற்கிறாள். ஐவி இந்த விளையாட்டில் இல்லவே இல்லை. அடுத்த விளையாட்டான ‘சோல் கேலிபர்’ 1998இல் வந்தபோதுதான் அவள் அறிமுகமானாள். நீங்கள் போட்ட படமோ அதன் 1999ஆம் ஆண்டு பதிப்பிலிருந்து, அதாவது சேகாவின் வீட்டு விளையாட்டுக் கருவியான டிரீம்காஸ்டுக்கு வந்த பதிப்பிலிருந்து, எடுத்தது. கடையில் வைக்கும் இயந்திரத்தைவிட வீட்டுக் கருவியில் படம் அழகாக இருந்த அதிசயம் அது. ஜப்பானின் விளையாட்டு விமர்சன இதழான ஃபாமிட்சு 40க்கு 40 மதிப்பெண் கொடுத்தது. அந்த அழகைக் காட்டி வேறொன்றை விற்றிருக்கிறீர்கள். இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொடுப்பது வியாபாரம் ஆகாது.

மாற்றித் தரும் காலம் ஏழு நாள், அது முடிந்துவிட்டது என்றும், வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றம்தான் என்றும் உங்கள் விதிமுறைகளில் எழுதியிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் நீங்கள் தர வேண்டும்.

ஆகவே, 6,499 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தருமாறும், பெட்டியை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுமாறும், அந்த விளம்பரப் படத்தை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். ‘முறையான உரிமம் பெற்றது’ என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த உரிமத்தின் நகலையும் அனுப்புங்கள். மாற்றுப் பெட்டி வேண்டாம். கோளாறு மென்பொருளில் இருப்பதால் அதுவும் இப்படியேதான் இருக்கும். வேகத்தையும் தாமதத்தையும் சேமிப்பையும் சரிசெய்யும் புதிய மென்பொருளை வெளியிட்டால் மீண்டும் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறேன்; அதை வெளியிடுவதற்கு முன் சோதித்துத் தரவும் தயார், அதற்கு மட்டும் கூலி உண்டு. ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகாரைப் பதிவு செய்வேன்.

பெட்டியை எடுக்க ஆள் அனுப்பினால் காலை பத்து மணிக்குப் பிறகு அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.

இணைப்பு: ரசீது நகல், விளம்பரத்தின் திரைப்பதிவு, ஒப்பீட்டுக் காணொளி.