மருமகளுக்கு: பேங்க் வேலைய விடுறதுக்கு முதல் இத ஒருக்கா வாசி

புள்ள,

நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜ் பதினொரு நிமிசம். களுவாஞ்சிகுடி சந்தையில மீன் வாங்கிக்கொண்டு நிக்கக்குள்ள வந்துது, மீன்காரன் காசு கேக்கிறான், நான் ஒரு கையில பையும் மற்றக் கையில போனுமா காதில வெச்சிக்கொண்டு நிக்கிறன், கடைசியில நீ கேட்ட கேள்வி மட்டும்தான் மனசில நிண்டது. "மாமா, ஒலிம்பிக் மாதிரி போட்டியெல்லாம் நடத்துறது ஒரு தொழிலா, அதுக்கும் சம்பளம் குடுப்பாங்களா?" நானும் வொய்ஸ்ல பதில் அனுப்பினா நீ ரெண்டு மடங்கு வேகத்தில ஓடவிட்டுக் கேப்பாய், அதால எழுதுறன். உன்னப் போல இன்னும் ரெண்டு மூண்டு புள்ளைகள் இதையே கேட்டதால எல்லாரும் பார்க்கிற இடத்தில போடுறன், குறை நினைக்காத.

தொழில்தான். சம்பளமும் இருக்கு. ஆனா வேலை முடியுற திகதிய சேருற அண்டைக்கே சொல்லிடுற தொழில்.

பேங்கில நீ அறுபது வயசு வரைக்கும் இருக்கலாம், பென்ஷன் கணக்கும் ஓடும். இது அப்பிடி இல்ல. ஒலிம்பிக்கோ கொமன்வெல்த்தோ, எந்த ஊருக்குப் போட்டி கிடைக்குதோ அந்த ஊரில புதுசா ஒரு ஏற்பாட்டுக் குழு துவங்குவாங்க, முதல்ல ஒரு சின்ன ஒபிஸில அடங்குற ஆக்கள், போட்டி கிட்ட வரக்குள்ள ஆயிரக்கணக்கில ஆக்கள், மறுகா தீபம் அணைஞ்சு கொஞ்சக் காலத்தில கதிரை மேசை வித்து கணக்கு முடிச்சி அந்தக் குழுவே இல்லாமப் போயிடும். அதில வேலை செஞ்ச ஆக்கள் பெட்டியக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு. லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் எண்டு இப்பிடியே ஊர் ஊராப் போற ஒரு கூட்டம் இருக்கு, கூத்துக்காரர் மாதிரி. சில நேரம் அந்தத் திகதியும் பொய்யாப் போகும். அவுஸ்திரேலியாவில விக்டோரியா மாநிலம் 2026 கொமன்வெல்த் போட்டிய எடுத்து, குழு போட்டு, வேலை நடந்துகொண்டிருக்கக்குள்ள 2023 யூலையில ஒரு நாள் காலையில எங்களுக்கு ஏலாது எண்டு கைய விரிச்சிட்டாங்க. 260 கோடி டொலர் எண்டு போட்ட கணக்கு 600 கோடிக்கு மேல போகுதாம். ஸ்கொட்லாந்தில கிளாஸ்கோ அத ஏத்தெடுத்து விளையாட்ட பத்தாச் சுருக்கினது பிறகு நடந்த கதை. அந்த விக்டோரியா குழுவில வாடகைக்கு வீடெடுத்துப் புள்ளைகள பள்ளிக்கூடத்தில சேர்த்துட்டு இருந்தவன யோசிச்சுப் பாரு.

பெரிய கதிரையில இருந்த ஆக்கள் எங்க இருந்து வந்தாங்க எண்டு கேட்டாய். எல்லாத் திக்கிலயும் இருந்துதான். 1984 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்க நடத்தின பீட்டர் யூபரொத் ஒரு ட்ராவல்ஸ் கொம்பனி முதலாளி, மைதானத்தில பேர் எடுத்த ஆள் இல்ல. அவருக்கு முதல் 1976ல மொன்றியல் பட்ட கடன் கட்டி முடிக்க 2006 வரைக்கும் போச்சு, அதப் பார்த்துப் பயந்து ஒரு ஊரும் ஒலிம்பிக் எடுக்க வராத காலம் அது. இவர் இருக்கிற மைதானங்களையே பாவிச்சு, டீவி உரிமையையும் விளம்பரத்தையும் வித்து, 20 கோடி டொலருக்கு மேல மிச்சம் காட்டினார். முடிஞ்ச கையோட அமெரிக்க பேஸ்போல் லீக்குக்குத் தலைமை தாங்கப் போயிட்டார். லண்டன் 2012ல ரெண்டு பேர். முன்னுக்கு நிண்டு கதைச்சது செபஸ்டியன் கோ, 1500 மீட்டர்ல ரெண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். பின்னால நிண்டு காசையும் ஆக்களையும் பார்த்தது போல் டெய்ட்டன், ஒரு பெரிய முதலீட்டு பேங்கில இருபது வருசத்துக்கு மேல இருந்தவர். பேங்க் புள்ள நீ, இது உனக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு தெரியும். ஆனா அவர் உன்ட பேங்க் மாதிரி அடகுக் கவுண்டரில இருந்தவர் இல்லகா.

நீ பொம்புளப் புள்ள எண்டு என்ட அக்கா, உன்ட அம்மா, யோசிக்கிறா. அவவுக்கு டோக்கியோ கதையச் சொல்லு. ஏற்பாட்டுக் குழுத் தலைவரா இருந்த மோரி, முன்னாள் பிரதமர், கூட்டத்தில பொம்புளைகள் கூடக் கதைக்கிறாங்க எண்டு சொல்லப்போய் 2021 பெப்ரவரியில பதவிய விட வேண்டி வந்துது. அந்தக் கதிரைக்கு வந்தவ செய்கோ ஹஷிமொட்டோ. ஐஸ் தரையில சறுக்கி ஓடுற ஓட்டத்திலயும் சைக்கிளிலயும் சேர்த்து ஏழு ஒலிம்பிக் போனவ. 1964 டோக்கியோ ஒலிம்பிக் துவங்குறதுக்கு அஞ்சு நாளுக்கு முதல் பிறந்ததால தகப்பன் ஒலிம்பிக் சுடர நினைச்சு வெச்ச பேர்தான் செய்கோ. அப்பிடிப் பிறந்தவ கடைசியில ஆள் இல்லாத மைதானத்தில ஒலிம்பிக் நடத்தினா, கொரோனா. இப்ப உலக ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவி சிம்பாப்வே நீச்சல்காரி கேஸ்ட்டி கொவென்ட்ரி, 2025ல இருந்து.

சரி, பேர் பெத்த ஆக்கள விடு. இந்த வேலை எண்டா என்ன எண்டு நான் படிச்சது மண்டூர்ப் பாதையில. பாதை எண்டா நம்மட ஊரில ஆக்கள ஏத்தி ஆத்தக் கடக்கிற மிதவை.

உனக்கு அப்ப ரெண்டு வயசு இருக்கும். பள்ளிக்கூடங்கள்ட வலயப் போட்டி, இஞ்சால ஆத்துக்குக் கிழக்கால, எழுவான்கரையில வெச்சம், பஸ், சாப்பாடு, நேர அட்டவணை எல்லாம் என்ட பொறுப்பு. நானும் அட்டவணைய அழகா டைப் அடிச்சு ஒட்டினன், காலை 8.30க்கு பெண்கள் 1500 மீட்டர். வெயில் ஏறுறதுக்கு முதல் தூர ஓட்டத்த முடிக்க வேணும் எண்டு பெரிய கெட்டித்தனமா நினைச்சன். ஆத்துக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் புள்ளைகள் இஞ்ச குருமண்வெளிக்கு வாறதெண்டா மண்டூர்ல இருந்து பாதையில ஆத்தக் கடந்துதான் வரவேணும், பாதை எத்தினை மணிக்கு வரும், ஒரு தரத்துக்கு எத்தினை பேர் ஏறலாம், இது ஒண்டையும் நான் கேக்கல்ல. எல்லாரும் ஒரே நேரத்தில ஏற ஏலுமா. ரெண்டாம் தரத்தில வந்த புள்ளைகள் மைதானத்துக்குள்ள ஓடி வரக்குள்ள கடைசிச் சுத்து நடக்குது. ஒரு புள்ள, காலில சப்பாத்து இல்ல, கையில சோத்துப் பார்சல், என்னட்ட வந்து "சேர், எங்கட ஓட்டம் எப்ப?" எண்டு கேட்டா. நான் முடிஞ்சுது எண்டன். அவ அழல்ல. பார்சலப் புடிச்சிக்கொண்டு நிண்டா. வயசுப் பிரிவில அதுதான் அவட கடைசி வருசம் எண்டு பிறகுதான் அவட மாஸ்டர் சொன்னார். திருப்பி ஓட்டியிருக்கலாம், விதியில இடம் இல்ல எண்டு நானே சொன்னன், அந்த விதிய இண்டைக்கு வரைக்கும் எனக்கு ஒருத்தரும் காட்டல்ல.

மறுகா கொஞ்ச வருசத்தால 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கப் பத்தி வாசிக்கக்குள்ள எனக்குச் சிரிப்பும் வந்துது, வயிறும் எரிஞ்சுது. வெளியூர்களில இருந்து கூட்டி வந்த பஸ் ட்ரைவர்மாருக்கு வழி தெரியா, விளையாட்டு வீரர்மார் பஸ்ஸுக்குள்ள இருந்துகொண்டு போட்டிக்குப் போய்ச் சேருவமா எண்டு தவிச்சிருக்காங்க. அவ்வளவு காசு, அவ்வளவு கொம்பியூட்டர், கடைசியில என்ட பாதைப் பிழைதான். அடுத்ததா வந்த சிட்னியில இருந்துதான் ஒரு போட்டி நடத்தினவங்க படிச்சத எழுதி எடுத்து அடுத்த ஊருக்குக் குடுக்கிற வழக்கத்த ஒலிம்பிக் கமிட்டி ஒழுங்காத் துவங்கினது. நம்மட வலயத்தில அப்பிடி ஒரு கொப்பி இருந்திருந்தா எனக்கு முதல் இருந்தவர் முதல் பக்கத்திலயே "பாதை நேரம் கேள்" எண்டு எழுதியிருப்பார்.

இன்னொண்டு. இந்த வேலையில நீ நூறு விசயம் சரியாச் செஞ்சா ஒருத்தருக்கும் உன்னத் தெரியா. 2012 லண்டன்ல துவக்க விழாவுக்கு ரெண்டு நாளுக்கு முதல் கிளாஸ்கோ ஹம்ப்டன் மைதானத்தில பெண்கள் கால்பந்து, வடகொரியாவும் கொலம்பியாவும். பெரிய திரையில வடகொரியா வீராங்கனைகள்ட படத்துக்குப் பக்கத்தில தென்கொரியாக் கொடி. அவங்க மைதானத்த விட்டு வெளிய போயிட்டாங்க, ஒரு மணித்தியாலத்துக்கு மேல விளையாட்டு பிந்தினது. எழுபதாயிரம் வொலண்டியர், ஏழு வருச வேலை, ஆனா அண்டைக்கு உலகம் பார்த்தது ஒரு கொடி. நம்மட பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில பிரதம அதிதி வரக்குள்ள கொடிய தலைகீழா ஏத்தினா என்ன நடக்கும் எண்டு நீயும் பார்த்திருக்கிறாய்தானே.

2010 வான்கூவர் பனி ஒலிம்பிக் எனக்கு நல்ல விருப்பம். பனி விளையாட்டுக்கு எல்லாம் ரெடி, பனி இல்ல. ஒரு மலையில பனி கரைஞ்சு போக, தூர இருந்து லொறியிலயும் ஹெலிகொப்டரிலயும் பனி ஏத்திக் கொண்டு வந்து, அடியில வைக்கோல் கட்டு அடுக்கி மேல கொட்டினாங்க. தை மாசம் நம்மட மைதானத்தில முழங்காலுக்குத் தண்ணி நிக்க நாங்க ட்ரக்டர்ல மண் ஏத்திக் கொட்டி, 400 மீட்டர் ஓட்டத்துக்கு ரெண்டாம் லேன 7.04 மீட்டர் முன்னுக்குத் தள்ளி டேப் புடிச்சுக் கோடு போட்டு, அண்டிரவே மழை வந்து சுண்ணாம்பக் கழுவின கதைய அவங்களுக்குச் சொன்னா விளங்கிக்கொள்ளுவாங்க. அதே வான்கூவர்ல துவக்க விழாவண்டு தீபத் தூண் நாலில ஒண்டு எழும்பல்ல, அத ஏத்த வந்த வீராங்கனை கையில சுடரோட சும்மா நிண்டா. முடிவு விழாவில என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒரு கோமாளிய எலக்ட்ரீசியன் வேசத்தில விட்டு அந்த நாலாவது தூண இழுத்து எழுப்பிக் காட்டி, அதே வீராங்கனையக் கூப்பிட்டு ஏத்த வெச்சாங்க. எனக்கு மண்டூர்ப் புள்ளைக்கு அப்பிடி ஒண்டு செய்யத் தெரியல்ல.

இலங்கையில இருந்துகொண்டு இதச் செய்ய ஏலுமா எண்டா, கஷ்டம். 2006 ஆகஸ்ட்ல கொழும்பில தெற்காசியப் போட்டி, அப்ப இஞ்ச மாவிலாறு, மூதூர் எண்டு சண்டை, நாங்க டீவியில பார்த்தம், அதுவும் கரண்ட் இருந்தா. 2018 கொமன்வெல்த்த ஹம்பாந்தோட்டைக்குக் கேட்டு 43க்கு 27 எண்டு அவுஸ்திரேலியாவில கோல்ட் கோஸ்ட்டுக்கிட்டத் தோத்தம், அண்டைக்குக் கவலைப்பட்டன், இண்டைக்கு அந்தச் செலவ நினைச்சா கும்பிடலாம் போல இருக்கு. நம்மட கிழக்குப் பக்கம் எண்டா 2019ல அறுகம்பேயில உலக சர்பிங் லீக் போட்டி நடந்துது, அது ஒண்டுதான் கண்ணுக்கு முன்னால.

வழி ரெண்டுதான் எனக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தில லொசானுக்குப் போய் இதுக்கெண்டே இருக்கிற படிப்புப் படிக்கிறது ஒண்டு, பீஸக் கேட்டா உனக்கெண்டு அக்கா கட்டி வெச்சிருக்கிற வீட்டு உறுதிய உன்ட பேங்கிலயே வைக்க வேண்டி வரும், அத நான் சொல்லித் தரமாட்டன். மற்றது வொலண்டியரா உள்ளுக்குப் போறது. டிக்கெட்டும் தங்குற செலவும் உன்ட காசு, விசாவும் உன்ட பாடு. 2022ல கொமன்வெல்த் போட்டிக்கு பேர்மிங்ஹாமுக்குப் போன நம்மட நாட்டுக் குழுவில சிலபேர் காணாமப் போன கதை விசா ஒபிஸருக்கும் ஞாபகம் இருக்கும், நீ என்ன பாவம் செஞ்ச. 2030 கொமன்வெல்த் அகமதாபாத்துக்குக் குடுத்திருக்கு, நமக்கு எட்டுற தூரம். அதுக்கு விண்ணப்பம் போடக்குள்ள "என்ன நடத்தியிருக்கிறாய்" எண்டு கேப்பாங்க. நெட்போல் விளையாடினன் எண்டு எழுதினா காணாது.

அதுக்குத்தான் சொல்லுறன், பேங்க இப்ப விடாத. வாற சித்திரைக்குக் கழகத்தில மரதன் ஓட்டம், பெரியகல்லாறில இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும், முழுப் பொறுப்பும் உனக்கு. நான் கூட்டத்தில சொல்லிட்டன், அவங்களும் ஓம் எண்டிட்டாங்க. பொலிஸ் கடிதம், தண்ணி வைக்கிற இடம், அம்புலன்ஸ், ஓந்தாச்சிமடம் பாலத்தில ஓடுறவங்களும் கல்முனை பஸ்ஸும் ஒரே நேரத்தில வந்தா யார் நிக்கிறது, படுவான்கரைப் பெடியன்மார் எத்தினை மணிப் பாதையில ஏறவேணும், எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்ட வா. பத்து மணிக்கு முதல் வா, பிறகு நான் வயலுக்குப் போறன்.

அக்கா, நீயும் இத வாசிப்பாய் எண்டு தெரியும். திட்டுறதெண்டா போன் எடுத்துத் திட்டு, ஊரெல்லாம் பார்க்கிற இடத்தில வேணாம்.

மாமா