ஃபேஸ்லிஃப்ட்: எது என்று கேட்டீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'பத்து வயது குறையுங்கள்' என்று பேருந்தின் முதுகில் விளம்பரம் ஓடுகிறது. பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் செவிலியராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். ஃபேஸ்லிஃப்ட், அதாவது தொய்ந்த முகத்தைத் தூக்கி இறுக்கும் சிகிச்சை, என்றால் ஒரே அறுவை இல்லை.

தோலுக்குள் நூல் கோத்து இழுப்பதில் தழும்பு கிடையாது, பலனும் நெடுநாள் நிற்காது. சிறிய வெட்டில் செய்யும் மினி லிஃப்ட் தாடையோரம் லேசாகத் தொய்ந்தவர்களுக்குச் சரி. கழுத்துத் தோல் தொங்குகிறவர் அதில் காசைக் கரைக்க வேண்டாம். தோலுக்கு அடியில் 'ஸ்மாஸ்' என்றொரு படலம் உண்டு, 1976இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. அதைத் தூக்கித் தைத்தால்தான் முகம் இயல்பாக இருக்கும். வெறும் தோலை இழுத்தால் வாயும் சேர்ந்து இழுபடும். டீப் பிளேன் முறையில் அதற்கும் கீழே போவார்கள். முகநரம்புக் கிளைகள் ஓடும் இடம், கைதேர்ந்தவர்தான் தொட வேண்டும்.

அப்புறம், முதல் ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். அறுவைக்குப் பின் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான். ஒரு கன்னம் மட்டும் இறுகி வீங்கினால் காத்திருக்கக் கூடாது. சிகரெட்டை விடாதவருக்குக் காதின் பின்னால் தோல் செத்துக் கறுத்துப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த விளம்பரங்களில் மருத்துவரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் பெரிய எழுத்தில் போடச் சொல்ல வேண்டும்.

- ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி