எலிக்குக் கிட்னி இல்லாவிட்டால் நமக்கென்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுண்டெலிகளுக்குச் சிறுநீரகம் உருவாகாமல் போவதன் மரபணுக் காரணம் பற்றி நீங்கள் போட்ட கட்டுரைக்கு, "எலிக்குக் கிட்னி இல்லாவிட்டால் நமக்கென்ன, மனிதர்களைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என் பேத்திக்கு ஒரே ஒரு கிட்னிதான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்தது. இடது பக்கம் இல்லை. அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் என் மகள் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. மூன்றாம் மாதம் கிரகணத்தன்று காய் நறுக்கினாளாம், ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போனாளாம், பப்பாளி தின்றாளாம். சம்பந்தி வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்து உறவுகளும் இதையேதான் சொன்னார்கள். கடைசியில் அவளே நம்பிவிட்டாள், ராத்திரியில் போன் பண்ணி அழுவாள். முப்பது வருடம் விலங்கியல் நடத்திய எனக்கே அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், பதில் அந்த எலிகளிடம் இருந்தது.

கருவில் ஒரு குழாயிலிருந்து சின்ன முளை ஒன்று கிளம்பி, பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்தால்தான் சிறுநீரகமே உண்டாகும். சுண்டெலியில் இது சுமார் பத்தரை நாள் கருவில் நடக்கிறது, நமக்குக் கரு உண்டான ஐந்தாவது வாரத்தில். அந்தத் திசு ஜிடிஎன்எஃப் என்கிற புரதத்தைச் சுரந்து முளையை இழுக்கிறது, முளையில் இருக்கும் ரெட் என்கிற புரதம் அந்த அழைப்பை வாங்கிக்கொள்கிறது. 1994-இல் ரெட் மரபணுவையும் 1996-இல் ஜிடிஎன்எஃப் மரபணுவையும் எலிகளில் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். தாயும் தந்தையும் ஆளுக்கொன்றாகத் தந்த இரண்டு பிரதியும் கெட்ட குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிறுநீரகம் உருவாகவே இல்லை, பிறந்த கையோடு செத்துப்போயின. ஜிடிஎன்எஃப் மரபணுவில் ஒரு பிரதி மட்டும் கெட்ட குட்டிகளில் சிலவற்றுக்கு ஒரு கிட்னி இல்லை, ஆனால் அதே மரபணுக் குறையோடு கூடப் பிறந்த மற்ற குட்டிகள் நன்றாக இருந்தன. ஒரே தாய், ஒரே கூண்டு, ஒரே தீனி!

முளை சரியான இடத்தில் கிளம்புவதும் முக்கியம். ராபோ2, பிஎம்பி4 போன்ற மரபணுக்கள் கெட்ட எலிகளில் அது இடம் மாறியோ ஒன்றுக்கு மேற்பட்டோ கிளம்புகிறது. முளைதான் பின்னால் சிறுநீர்க்குழாயாகிறது, அதனால் அப்படிக் கிளம்பினால் அந்தக் குழாய் சிறுநீர்ப்பையில் தப்பான இடத்தில் போய்ச் சேரும், சிறுநீர் திரும்பி மேலே ஏறும். சின்னக் குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சலோடு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தால் டாக்டர்கள் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

கிரகணம் வந்தது மூன்றாம் மாதம். முளை கிளம்பும் நேரம் அதற்குச் சில வாரம் முந்தியே முடிந்துவிட்டது, தான் கர்ப்பம் என்றே என் மகளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். இதைக் காலண்டரை வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் தூங்கினாள்.

அப்புறம் டாக்டர் சொல்லி அப்பா அம்மா இருவருக்கும் ஸ்கேன் எடுத்தோம். மாப்பிள்ளைக்கும் ஒரு கிட்னிதான், முப்பத்து நாலு வயது வரைக்கும் அவருக்கே தெரியாது. அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அப்படியானால் என் மகளை மட்டும் ஏன் சொன்னார்கள்?

அதற்காக எல்லாமே மரபணு என்று நான் சொல்லவில்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் சில பிரஷர் மாத்திரைகளும் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கர்ப்பிணிகள் அதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். பப்பாளிக்கும் கத்திக்கும் இதில் வேலையே இல்லை.

அந்த வாசகருக்கு இன்னொன்று. பாக்ஸ்2 என்கிற மரபணு எலியில் கெட்டால் சிறுநீரகமும் கண்ணும் பாதிக்கப்படுகின்றன. 1995-இல் மனிதக் குடும்பத்திலும் அதே மரபணுக் கோளாறு, அதே இரண்டு உறுப்புகளில் கண்டுபிடிக்கப்பட்டது. எலியைப் பற்றி எழுதினால் நம்மைப் பற்றி எழுதியதுதான்.

ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு குழந்தை பிறந்தால் கூடப்பிறந்தவர்களுக்கு எப்போது ஸ்கேன் எடுப்பது, மரபணுச் சோதனை யாருக்குத் தேவை, ஒற்றைக் கிட்னிக் குழந்தைக்கு பிரஷரும் சிறுநீரில் புரதமும் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்று ஒரு குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு விரிவாகப் போடுங்கள். என் மகள் இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள், அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை