பரணில் இருக்கும் ஊர்க்கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் வருகிறேன். நம் ஊரைப் பற்றி என்னதான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. முதலில் இனாம் பதிவேட்டை, அதாவது வரியைத் தள்ளியோ குறைத்தோ மானியமாக விட்ட நிலங்களின் பதிவேட்டைப் பார்த்தேன். 1858இல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து, எந்த நிலம் யாருக்கு எந்த ஊழியத்துக்காக விடப்பட்டது என்று பதிந்தது. நம் ஏரி மதகைப் பார்த்துக்கொண்ட நீர்க்கட்டிக்கு மானியம் விட்டிருப்பதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்த மதகைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போனோம்!

அதைவிடப் பழசும் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய கணக்குகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. களத்தில் நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியார் என்று யார் யாருக்கு எவ்வளவு மேரை, அதாவது ஊர் வேலைக்கான நெல் பங்கு, போனது என்பதெல்லாம் அதில் வரும். பின்னால் நிலவரி நிர்ணயத்துக்காக வந்த செட்டில்மெண்ட் பதிவேடு, பட்டா வைத்திருந்த நிலக்காரரைத்தான் சொல்லும். காணி நிலம்கூட இல்லாத குடும்பங்களுக்கு அதில் இடமே இல்லை. ஊர் வரலாறு எழுதினால் அவர்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதனால்தான் எனக்கு ஓலைக் கணக்கின் மேல் இவ்வளவு பிடிப்பு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் தாத்தா கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை. 1980இல் பரம்பரை கர்ணம் வேலையை அரசு ஒழித்தபோது, அரசிடம் ஒப்படைத்தது போகப் பழைய கணக்குக் கட்டுகள் பல வீடுகளில் தங்கிவிட்டன. உங்கள் பரணில் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டை ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? தை பிறந்ததும் பழைய வீட்டைப் பிரிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவு செய்து அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. வெயிலில் காய வைக்காதே, லாமினேஷன் செய்யாதே, ஒட்டிக்கொண்ட தாளை இழுத்துப் பிரிக்காதே. எந்த வரிசையில் கட்டியிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துவிடலாம்.

படிப்பதுதான் சிரமம். மா, காணி, முந்திரி என்று பின்னங்களெல்லாம் குறிகளாகவே இருக்கும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. கீழத்தெருப் பெரியவருக்கு அந்தக் குறிகள் இன்னும் அத்துப்படி. அவர் படிக்கப் படிக்க நாம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவருக்கு வயதாகிறது, தள்ளிப் போட முடியாது.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுகிறேன். அதுவரை மூட்டை பரணிலேயே இருக்கட்டும். ஓடு ஒழுகினால் மட்டும் உடனே இறக்கிவிடு. அப்புறம், பெரியவரிடம் நான் வருவதை இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் நண்பன்