மெரினாவில் குளிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வெள்ளி, சனி இரண்டே நாளில் சென்னையைச் சுற்றிப் பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. சாயங்காலம் மெரினாவுக்குப் போய் ஆசை தீரக் கடலில் குளித்துவிட்டு வரலாம் என்று அதில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நாங்கள் முப்பது வருஷமாகத் திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறோம். கோடை லீவு வந்தால் எங்கள் வீட்டில் விருந்தாளி இல்லாத வாரம் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் மகன் நண்பர்கள் இரண்டு பேரோடு வந்திருந்தான். மூவரும் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள். “கால் மட்டும் நனைச்சுட்டு வந்துடறோம் அத்தை” என்று செருப்புகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மெரினாவில் கொஞ்சம் உள்ளே போனாலே தரை சட்டென்று இறங்கிவிடும். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். கிணற்று நீச்சல் அங்கே செல்லாது. இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்ற நாத்தனார் மகன் அடுத்த அலையில் இல்லை. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து போய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து போட்டார். நான் மூன்று ஜோடி செருப்போடு அப்படியே நின்றிருந்தேன். அன்று ராத்திரி போனில் அவன் அம்மா, பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டாள். சாப்பிட்டான் என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அங்கே குளிக்கக் கூடாது என்று போலீஸ் போர்டு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாததா? அலையில் சிக்கிப் போன பிள்ளைகளின் செய்தியை நீங்களேதானே போடுகிறீர்கள்!

எழுத உட்கார்ந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை எழும்பூர் மியூசியம் என்று போட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை அதற்கு வார விடுமுறை. போன வருஷமும் இப்படித்தான், ஒரு கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்தார் என் பெரியம்மா. எழுபது வயது. அங்கே உள்ள திருவாலங்காட்டு நடராஜரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்று நானும் விசாரிக்கவில்லை. ஆட்டோவில் கூட்டிப் போய்ப் பூட்டிய கேட்டைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. கபாலி கோயிலில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். இதையெல்லாம் எழுதுகிறவர்கள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளக் கூடாதா?

அப்புறம், சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கும் செலவு மிச்சம் என்ற வரி. யாரையும் வர வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லை நாங்கள். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த நாட்களிலும் வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாளி எடுத்து வைத்துவிட்டு, நாங்கள் முகம் கழுவி நிறுத்திக்கொண்டோம். அதைச் செலவுக் கணக்கில் எழுதியதுதான் வலிக்கிறது. கிளம்பும் முன் வீட்டுக்காரர்களை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சேர்த்திருக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஊர் சுற்றும் கட்டுரைகளின் கடைசியில், எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மெரினாவில் குளிக்கக் கூடாது என்ற திருத்தத்தை மட்டும் இந்த ஞாயிறே போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். அதில் மூன்று பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவல்லிக்கேணி